எந்த உலோகத்தின் அயனி?

வேதியியல் வினாத்தாளில் அடிக்கடி தலைகாட்டும் கேள்வி இது: "ஓர் அயனியின் மின்சுமை 3+. ஆர்கானின் எலெக்ட்ரான் அமைப்புக்கு மேல், அதன் 3டி ஆர்பிட்டாலில் 5 எலெக்ட்ரான்கள் உள்ளன. அது எந்த உலோகம்?"

மாங்கனீசு என்று பலர் உடனே எழுதிவிடுவார்கள். மாங்கனீசு அணுவின் 3டி-யில் ஐந்து எலெக்ட்ரான்கள் உண்டு என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் கேட்கப்பட்டது அணுவைப் பற்றியன்று, அயனியைப் பற்றி.

கணக்கிட்டுப் பாருங்கள். ஆர்கானுக்குரியவை 18, 3டி-யில் 5. ஆக அயனியில் இருப்பவை 23. மின்சுமை 3+ என்பதால் அது மூன்றை இழந்திருக்கிறது. இழந்ததைத் திரும்பச் சேர்த்தால் 26. அணு எண் 26 இரும்புக்குரியது. மின்சுமை 2+ என்று கொடுத்திருந்தால் 25, அதாவது மாங்கனீசுதான். இரண்டு அயனிகளுக்கும் ஒரே எலெக்ட்ரான் அமைப்பு! மின்சுமை தெரியாமல் உலோகத்தைச் சொல்ல முடியாது.

மயில்துத்தத்தில் உள்ள அயனிக்கு மின்சுமை 2+, 3டி-யில் 9 எலெக்ட்ரான்கள். 18, 9, 2 ஆகியவற்றைக் கூட்டினால் 29, தாமிரம். தாமிர அணுவின் எலெக்ட்ரான் அமைப்பு விதிவிலக்கானது என்று படித்திருப்பீர்கள். இந்தக் கணக்குக்கு அந்த விதிவிலக்கு தேவையே இல்லை.

இனி எதிர்த்திசையில் வருவோம். இரும்பு அணுவில் 3டி-யில் 6, 4எஸ்-இல் 2 எலெக்ட்ரான்கள். 4எஸ் முதலில் நிரம்பியது. 3டி பிறகு நிரம்பியது. அப்படியானால் கடைசியில் வந்த 3டி எலெக்ட்ரான்கள்தாமே முதலில் வெளியேற வேண்டும்? அவ்வாறு வெளியேறினால் ஃபெர்ரிக் அயனியில் 3டி-யில் 3, 4எஸ்-இல் 2 என்று எஞ்சும். இணை சேராத எலெக்ட்ரான்கள் மூன்று. மாறாக, 4எஸ்-இன் இரண்டும் 3டி-யில் ஒன்றும் போனால் இணை சேராதவை ஐந்து.

எது உண்மை என்பதைக் காந்தம் சொல்லிவிடும். இணை சேராத எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையை, அதைவிட இரண்டு கூடுதலான எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். காந்தத் திருப்புத்திறன், போர் மாக்னட்டான் அலகில் கிடைக்கும். மூன்றுக்கு 3.87, ஐந்துக்கு 5.92. இரும்புப் படிகாரத்தில் அளந்தால் கிடைப்பது ஏறத்தாழ 5.9. ஆகவே 4எஸ் எலெக்ட்ரான்களே முதலில் வெளியேறுகின்றன. (அயனியைச் சயனைடு சூழ்ந்திருந்தால் கதை வேறு, இங்கே சூழ்ந்திருப்பது நீர்.)

அன்னபேதியில் உள்ள ஃபெர்ரஸ் அயனியை வைத்து இதை முடிவு செய்ய முயலாதீர்கள். எந்த வழியில் இரண்டை நீக்கினாலும் இணை சேராதவை நான்கே. காந்தம் அங்கே ஊமையாகிவிடும். நல்ல சாட்சி துத்தநாகம். அதன் அயனி 3டி-யிலிருந்து இரண்டை இழந்திருந்தால், துத்தநாக சல்ஃபேட் காந்தத்தால் ஈர்க்கப்படும். உண்மையில் அது ஈர்க்கப்படுவதில்லை.

காரணம் என்ன? தனிமவரிசையில் முன்னேறும்போது ஒவ்வோர் எலெக்ட்ரானோடும் அணுக்கருவில் ஒரு புரோட்டானும் கூடுகிறது. அயனியாகும்போதோ புரோட்டான்கள் குறைவதில்லை. எனவே அயனியாதல், நிரம்பிய கதையைப் பின்னோக்கி ஓட்டுவதன்று. சராசரியாக அணுக்கருவுக்கு நெருங்கியிருக்கும் 3டி இறுகப் பிடிக்கப்படுகிறது. தொலைவிலுள்ள 4எஸ் எளிதில் கழன்றுவிடுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்: (அ) மின்சுமை 2+, 3டி-யில் 8. (ஆ) மின்சுமை 3+, 3டி-யில் 3. உலோகம் எது? இணை சேராதவை எத்தனை?

விடை: (அ) நிக்கல், 2. (ஆ) குரோமியம், 3.