நீர் தூக்கித் தரும் புதையல்

தாகத்தால் வாடிய காகம் குடத்தினுட் கற்களை இட்டு, நீரை மேலெழச் செய்து பருகிய கதையைக் கேளாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அக்கதையில் வேண்டப்பட்ட பொருள் நீர்; கருவியாய் அமைந்தது கல். இதனைத் தலைகீழாக்கிப் பார்ப்போம். வேண்டப்படுவது குழாயின் அடியிற் கிடக்கும் ஒரு சிறு பேழை, கருவியாவது நீர். இன்று உலகெங்கும் ஆடப்பெறும் புதையல் விளையாட்டு ஒன்றிற்குரிய அழகிய புதிர் இங்கே பிறக்கின்றது. அதனை எவ்வாறு ஆக்குவதென்று மாணவர்களோடும் பெற்றோரோடும் சேர்ந்து ஆராய விழைகின்றோம்.

விளையாட்டின் பெயர் ஜியோகாச்சிங். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செய்மதிகள் பொதுமக்களுக்கு அனுப்பிய சைகைகள் முன்னர் வேண்டுமென்றே மழுக்கப்பட்டிருந்தன. 100 மீற்றர் வரை பிழை நேர்ந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் அத்தடை நீங்கிற்று. மறுநாளே ஒறிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரத்தில் வைத்து, அவ்விடத்தின் ஆள்கூறுகளை உலகறியச் செய்தார். அதே ஆண்டில் நோவா ஸ்கோஷியாவிற் கனடாவின் முதற் புதையலும் வைக்கப்பட்டது. தேடி வருபவர் பேழையைத் திறந்து, உள்ளிருக்கும் சிற்றேட்டிற் பெயரெழுதி, இருந்தபடியே மீண்டும் வைத்துச் செல்லவேண்டும். பொன்னோ பொருளோ இல்லை. கண்டுபிடித்த மகிழ்ச்சியே பரிசு.

நீரைக் கருவியாகக் காண்பது எளிதன்று. 2007ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக் நகர விலங்கியற் பூங்காவில் ஆய்வாளர்கள் ஓர் ஒடுங்கிய குழாயுள் சிறிது நீரும், அதில் மிதக்கும் ஒரு நிலக்கடலையும் வைத்தனர். விரல் எட்டாத ஆழம். ஐந்து ஒராங்குட்டான்களும் நீர்க்குழாயிலிருந்து வாய்நிறைய நீரை எடுத்து வந்து உமிழ்ந்து, கடலையை மேலே மிதக்கவைத்து உண்டன! இதே புதிரைப் பிள்ளைகளிடம் கொடுத்தபோது 4 வயதினருள் மிகச் சிலரே வென்றனர். வயது ஏற ஏறவே வெற்றி கூடியது. பிள்ளை தடுமாறும்போது பெற்றோர் விரைந்து விடை கூறிவிடலாகாது என்பது எமது வேண்டுகோள். அந்தத் தடுமாற்றத்திலேயே கல்வி நிகழ்கின்றது.

இனி ஆக்கத்திற்கு வருவோம். உள்விட்டம் 5 சென்ரிமீற்றர், உயரம் 32 சென்ரிமீற்றர் கொண்ட ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாய் ஒன்று வேண்டும். சிறு பிள்ளையின் கை நுழைந்து சிக்கிக்கொள்ளாதிருக்க, இவ்வகலத்தை விஞ்சாதிருத்தல் நன்று. பேழை 4 சென்ரிமீற்றர் விட்டமும் 12 சென்ரிமீற்றர் நீளமும் உடையதாகட்டும். அதன் கனவளவு ஏறத்தாழ 150 கன சென்ரிமீற்றர். ஏடும் பென்சிலும் இட்ட பின் அடியிற் சில நாணயங்களை ஒட்டி, மொத்த நிறையை 90 கிராம் ஆக்குக. அடி கனத்தாற் பேழை நிமிர்ந்து மிதக்கும்.

மிதக்கும் பொருள் தன் நிறைக்குச் சமமான நிறையுடைய நீரை இடம்பெயர்க்கும் என்பது ஆக்கிமிடிசு தந்த உண்மை. ஆகவே எமது பேழை 90 கன சென்ரிமீற்றர் நீரை இடம்பெயர்க்கும். அதற்கு அது 7.2 சென்ரிமீற்றர் அமிழ்ந்து, 4.8 சென்ரிமீற்றர் வெளியே நிற்கும். கணக்கின் சுவை இனித்தான் தொடங்குகின்றது. பேழையைச் சூழ்ந்த இடைவெளி ஒடுங்கியதாகையால், வெறும் 50 மில்லிலீற்றர் நீரிலேயே அது மிதக்கத் தொடங்கிவிடும். அதன்பின் ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயர்விற்கும் சுமார் 20 மில்லிலீற்றர் வேண்டும். ஓர் அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலை முழுதும் ஊற்றினால் நீர்மட்டம் 30 சென்ரிமீற்றரை எட்டும். பேழையின் தலை குழாயின் விளிம்பிற்கு மேல் 3 சென்ரிமீற்றர் எழுந்து நிற்கும். இரு விரலாற் பற்றி எடுத்துவிடலாம். மேல் வகுப்பு மாணவர் இவ்வெண்களைத் தாமே போட்டுப் பார்க்கட்டும்.

பேழையின் தட்டையான அடி குழாயின் அடியோடு ஒட்டிக்கொண்டால் நீர் கீழே புகாது. கீழே நீர் புகாவிடின் மேலுதைப்பும் இல்லை. எனவே குழாயின் அடியில் மூன்று சிறு மணிகளை ஒட்டி, அவற்றின்மீது பேழை அமரச் செய்தல் வேண்டும். பேழையின் மூடிக்கு இறப்பர் வளையம் இன்றியமையாதது. நீர் கசிந்து மொத்த நிறை 150 கிராமை எட்டினால் எத்தனை போத்தல் ஊற்றினும் அது எழாது.

இம்மட்டோடு நின்றால் இது புதிரன்று, வெறும் செய்முறை. அடிமூடியின் நடுவே 4 மில்லிமீற்றர்த் துளை ஒன்று இடுக. ஊற்ற ஊற்ற நீர் ஒழுகிப் போகும். ஒரு போத்தல் போதாமற் போகும். கீழிருந்து துளையை விரலால் அடைத்தவாறு மற்றவர் ஊற்றினாலன்றிப் பேழை தலை காட்டாது. தனியே வந்தவர் திணறுவார். அண்ணனும் தங்கையுமாய் வந்தால் வெல்லலாம். விரலை எடுத்ததும் ஒரு நிமிட அளவில் குழாய் தானே வெறுமையாகி, அடுத்தவருக்கு ஆயத்தமாகிவிடும்.

நீர், துளை, மிதக்கும் கலம் ஆகிய இம்மூன்றும் தமிழருக்குப் புதியன அல்ல. அடியில் நுண்துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் பொழுதை ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், எனக் கணித்தனர் எம் முன்னோர். கன்னல் என்ற பெயரில் இக்கருவி முல்லைப்பாட்டிற் பேசப்படுகின்றது. வசுதேவர் கிண்ணம் என்றொரு விளையாட்டுப் பொருளும் நம் நாட்டில் உண்டு. நீர் ஏறிக் குழந்தைக் கண்ணனின் பாதத்தைத் தொட்டதும், உள்ளே மறைந்த வளைகுழாய் வழியாக அத்தனையும் வடிந்துவிடும். எமது குழாயிலும் அவ்வாறு ஒரு வளைகுழாயைப் பொருத்தலாம். ஆயின் பாதியில் விட்டுச் சென்றவரின் நீர் உள்ளேயே தங்கிவிடுமாதலால், எளிய துளையே மேலென்பது எமது முடிபு.

தங்கிய நீர் ரொறன்ரோவிற் பகையாகும். நீர் உறைகையில் ஏறத்தாழ 9 வீதம் பருக்கும், குழாய் வெடிக்கும். ஆதலால் நவம்பர் மாதத்திற் கழற்றி வீட்டிற்குக் கொணர்ந்து, ஏப்ரலில் மீண்டும் பொருத்துவதே தக்கது.

இடத்தெரிவே யாவற்றிலும் பெரிய பொறுப்பு. நீர்ப்புதிர் என்றதும் ஹைலன்ட் ஓடைக்கரையோ ஹம்பர் நதிக்கரையோ நினைவில் எழலாம். 1954ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளி வந்தபோது ஹம்பர் பெருகி ஒரு தெருவையே வாரிச் சென்றது. ஒன்ராறியோவில் 81 பேர் மாண்டனர். வெள்ளச் சமவெளிகள் பல இன்று வீடுகளின்றிப் பூங்காக்களாய் இருப்பதற்கு அவ்வழிவும் ஒரு காரணம். இடிமழைக்குப் பின்னும் பனி உருகும் காலத்தும் ஓடைகள் சடுதியாய்ப் பெருகும். போத்தலோடு நீர் மொள்ளப் பிள்ளை கரையிறங்கும் நிலை வரவே கூடாது. ஆகவே ஓடைக்கு எட்டத்தில், பாதையோரக் கம்பம் ஒன்றில், சிறுவர் கைக்கு எட்டும் உயரத்திற் பொருத்துக. நீரை வீட்டிலிருந்தே கொணருமாறு அறிவிப்பில் எழுதுக. நிலத்திற்குரியவரின் அனுமதியை முன்னரே பெறல் வேண்டும், நிலத்தைத் தோண்டலாகாது, வேறொரு புதையலுக்கு 161 மீற்றருக்குள் வைத்தலும் விதிக்கு மாறு. மூடிய குழாயைக் கண்டு எவரேனும் அஞ்சிக் காவற்றுறையை அழைக்காதிருக்க, ஒளிபுகும் குழாயின்மீது இது விளையாட்டுப் பொருள் என்பதைத் தெளிவாய்ப் பொறித்திடுக.

எஞ்சியிருப்பது குறிப்பு. அதனை ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதலாம். விடுகதையாய் அமைந்தால் இன்னும் நன்று. எமக்குத் தோன்றியது இது: காலை அடைத்தால் தலை தூக்குவான், காலைத் திறந்தால் கிணற்றுள் ஒளிவான், அவன் யார்? இதனினும் நல்லதொன்றை மாணவர் புனைந்து தந்தால், அதனையே குழாயில் ஒட்டுவோம்.