‘ஃபாண்ட்’: அன்பா, அசட்டுத்தனமா?

மாணவ நண்பர்களே, ‘எனக்கு மாம்பழம் என்றால் மிகவும் பிரியம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் உங்களில் சிலர் ‘ஐ ஃபாண்ட் மேங்கோஸ்’ என்று எழுதிவிடுகிறீர்கள். தமிழில் ‘பிடிக்கும்’ என்பது வினைச்சொல். அந்தப் பழக்கம் கையைப் பிடித்து இழுக்கிறது! ‘ஃபாண்ட்’ வினைச்சொல் அன்று, பெயரடை. எனவே அதற்கு முன்னால் ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ போன்றதொரு வினை வரவேண்டும். எதன்மீது பிரியம் என்று காட்டப் பின்னால் ‘ஆஃப்’ வரவேண்டும். ‘ஐ ஆம் ஃபாண்ட் ஆஃப் மேங்கோஸ்’ என்பதே சரி.

ஒரு செயலின்மீது பிரியம் என்றால்? ‘ஃபாண்ட் டு ரீட்’ தவறு. ‘ஃபாண்ட் ஆஃப் ரீடிங்’ என்று எழுதுங்கள். ‘வெரி மச் ஃபாண்ட்’ என்பதும் வேண்டாம், ‘வெரி ஃபாண்ட்’ போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இது பழகப் பழக வளரும் பிரியத்தைக் குறிக்கும் சொல். பாட்டியிடம், வளர்க்கும் நாயிடம், நெடுநாள் கேட்டுவரும் இசையிடம் உங்களுக்கு இருப்பது இந்தப் பிரியம். நேற்று முதன்முதலாகப் பார்த்த திரைப்படத்துக்கு ‘லைக்’ போதும்.

பெயர்ச்சொல்லுக்கு நேர்முன்னே ‘ஃபாண்ட்’ வந்தால் ‘ஆஃப்’ தேவையில்லை. ‘ஃபாண்ட் மெமரீஸ்’ என்றால் இனிய நினைவுகள். ஆனால் ‘ஃபாண்ட் ஹோப்’ என்றால் இனிய நம்பிக்கை அன்று! பேதைத்தனமான, நிறைவேறாத நம்பிக்கை. ஏன் இப்படி? 600 ஆண்டுகளுக்கு முன் இச்சொல்லுக்கு ‘அறிவற்ற’ என்பதே பொருள். ஷேக்ஸ்பியர் (1564–1616) நாடகங்களிலும் அந்தப் பொருளில் இதைக் காணலாம். அறிவை மயக்கும் அளவுக்கு அன்பு என்றாகி, பிறகு வெறும் அன்பாக இளகிவிட்டது. பழைய பொருள் மட்டும் ‘ஃபாண்ட் ஹோப்’பில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

ஒருமுறை ஒரு மாணவர் தம் வேலை விண்ணப்பத்தை என்னிடம் காட்டினார். ‘இட் இஸ் மை ஃபாண்ட் ஹோப்’ என்று தொடங்கி, தமக்கு அந்த வேலை கிடைக்கும் என்று முடித்திருந்தார். வேலை கிடைக்காது என்று அவரே எழுதிக் கொடுத்தது போலல்லவா ஆகிறது! தபாலில் சேர்க்குமுன் ‘சின்சியர் ஹோப்’ என்று திருத்தினோம்.

இவற்றை நீங்கள் திருத்துங்கள்: ‘மை சிஸ்டர் இஸ் ஃபாண்ட் டு சிங்.’ ‘தே ஃபாண்ட் ஆஃப் கிரிக்கெட்.’