வாயே டிரம்ஸ், கம்ப்யூட்டரே ஸ்டூடியோ!

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, கேம்ஸ் ஆடியாயிற்று, படமும் பார்த்தாயிற்று. அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த மாதம் சுவையான பயிற்சி ஒன்று. ஒரு மைக், ஒரு ஹெட்போன், உங்கள் வாய், இவை போதும்.

வாயாலேயே டிரம்ஸ் ஓசை எழுப்புவதை பீட்பாக்ஸ் என்பார்கள். 1980களில் நியூயார்க்கின் ஹிப் ஹாப் இளைஞர்களிடையே வளர்ந்த கலை இது. டக் இ. ஃப்ரெஷ் இதன் முன்னோடிகளில் ஒருவர். "தகதிமி" என்று வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோல் நம்மிடம் முன்பே உண்டு என்பதால், நமக்கு இது அந்நியமும் இல்லை.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை இன்ஸ்டால் செய்து கொள்ளுங்கள். 2000ல் வெளியான இது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கீழே உள்ள வழிமுறை இதன் 3 வரிசைப் பதிப்புகளுக்கானது.

முதலில் மூன்று ஓசைகளைப் பழகுங்கள். "ப்" என்றால் பெரிய டிரம், "ட்ஸ்" என்றால் ஜால்ரா போன்ற ஹை-ஹேட், "க்" என்றால் ஸ்னேர். "ப் - ட்ஸ் - க் - ட்ஸ்" என்பது ஒரு சுற்று.

1. ஜெனரேட் மெனுவில் ரிதம் டிராக் தேர்ந்தெடுங்கள். டெம்போ 100, ஒரு சுற்றுக்கு 4 தட்டு, மொத்தம் 16 சுற்று என்று கொடுங்கள். நிமிடத்திற்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டு 0.6 விநாடி, ஒரு சுற்று 2.4 விநாடி.

2. ஹோம் கீயை அழுத்தி, பிறகு ஷிப்ட் + ஆர் அழுத்துங்கள். புதிய டிராக்கில் ரெகார்டிங் தொடங்கும். ஹெட்போன் அவசியம். ஸ்பீக்கரில் கேட்டால் "டிக் டிக்" ஓசையும் மைக்கில் புகுந்துவிடும். முதல் சுற்றைக் கேட்டுவிட்டு, இரண்டாவதில் தொடங்குங்கள்.

3. புதிய டிராக்கில் 2.4 முதல் 4.8 விநாடி வரை செலக்ட் செய்து கண்ட்ரோல் + டி அழுத்துங்கள். அந்த ஒரு சுற்று மட்டும் மிஞ்சும்.

4. எஃபெக்ட் மெனுவில் ரிப்பீட் சென்று 14 கொடுங்கள். இது கூடுதலாகச் சேரும் எண்ணிக்கை, எனவே மொத்தம் 15 சுற்று கிடைக்கும். அதன்மேல் இன்னொரு டிராக்கில் பாடுங்கள்.

விடுமுறை நாட்களில் ஒரு பள்ளியில் இதை நான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஏழாம் வகுப்பு மாணவியின் டிராக் ஒவ்வொரு முறையும் தாளத்திற்குப் பிந்தியது. "தாளம் தப்புதும்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. பிறகு மவுஸால் டிராக்கை முன்னால் இழுத்துச் சரி செய்தேன். அவள் கேட்டாள்: "இது இப்போ நான் செஞ்சதா சார், கம்ப்யூட்டர் செஞ்சதா?"

அந்தக் கேள்விக்காகத்தான் சோதித்துப் பார்த்தேன். ஹெட்போனை மைக் அருகில் வைத்து அந்த "டிக்" ஓசையையே ரெகார்ட் செய்தேன். அதுவும் பிந்தியது! ஒலி கம்ப்யூட்டருக்குள் போய் வரும் தாமதம் அது. லேட்டன்ஸி என்று பெயர். தப்பு அவளுடையதல்ல. சிரித்த வகுப்பின் முன்னாலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நீங்களும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பிரிஃபரன்ஸஸ் பகுதியில் ஆடியோ செட்டிங்ஸில் லேட்டன்ஸி காம்பன்சேஷன் இருக்கும். அதில் -130 இருந்து, உங்கள் டிராக் 100 மில்லி விநாடி பிந்தினால், -230 என்று மாற்றுங்கள்.

முடிந்ததும் ரிதம் டிராக்கை மியூட் செய்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ மூலம் எம்பி3 ஆக்குங்கள். புராஜெக்டையும் சேவ் செய்ய மறக்காதீர்கள்.

குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: "தாளம் தப்பு" என்று சொல்லும் முன் கம்ப்யூட்டரைச் சோதித்துவிடுங்கள்.