காற்றுக்கு ஒரு வழி

மேசைக் கணினியின் பெட்டியை, உள்ளுறுப்புகளை மூடிவைக்கும் உறை என்றே பலரும் கருதுவர். ஆனால், கணினி பெறும் மின்னாற்றலில் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. அவ்வெப்பம் வெளியேறாவிடில் மையச் செயலகம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் மிகுந்தால் கணினி நின்றுபோகும். எனவே, பெட்டி என்பது முதலில் காற்றுக்கு அமைக்கப்படும் வழியாகும். அழகு அதன் பின்னரே.

பொதுவாகக் குளிர்ந்த காற்று முன்புறத்தில் நுழைந்து, சூடேறிப் பின்புறத்தின் மேற்பகுதி வழியே வெளியேறும். பெரிய மின்விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளும், இரைச்சலும் குறையும்.

இரைச்சலே கூடாது என்று எண்ணியதன் விளைவை ஆப்பிள் நிறுவனம் 1980இல் கண்டது. அவ்வாண்டு அறிமுகமான ஆப்பிள் 3 கணினியில் மின்விசிறி வேண்டாம் என ஸ்டீவ் ஜாப்ஸ் வலியுறுத்தினார். கனத்த அலுமினிய வார்ப்பே வெப்பத்தை வாங்கி வெளிவிடும் என்பது எதிர்பார்ப்பு. பெட்டியின் அளவு முன்னரே முடிவாகிவிட்டதால், தாய்ப்பலகையில் உறுப்புகள் நெருக்கமாகப் பொருத்தப்பட்டன. கணினிகள் பழுதுற்றன, சில்லுகள் தம் தாங்கிகளிலிருந்து நழுவின. அவை மீண்டும் பொருந்துவதற்காகக் கணினியைச் சில அங்குலம் உயர்த்தி மேசைமீது விடுமாறு பயனர்க்குக் கூறப்பட்டது! உறுப்புகளுக்கேற்பப் பெட்டி அமையாமல், பெட்டிக்கேற்ப உறுப்புகள் ஒடுங்கியதே அங்கு நேர்ந்த பிழை.

இருபது ஆண்டுகளுக்குப்பின், 2000இல், அதே நிறுவனம் ஜி4 கியூப் என்னும் கணினியை வெளியிட்டது. ஏறத்தாழ 20 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம், ஒளிபுகும் நெகிழி உறைக்குள் அந்தரத்தில் நிற்பதுபோன்ற தோற்றம். இதிலும் மின்விசிறி இல்லை. எனினும், சூடான காற்று மேலெழும் இயல்பைப் பயன்படுத்தி, புகைபோக்கி போன்ற செங்குத்து வழி நடுவே அமைக்கப்பட்டது. காற்றுக்கு வழி கிடைத்தது. ஆனால், புதிய உறுப்புகளைச் சேர்ப்பதற்கு இடம் குறைவு, விலையோ மிகுதி. 2001 சூலையில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் அதற்கு இடம் கிடைத்திருப்பதும் குறிப்பிடத்தக்கது.

இன்றும் இச்சிக்கல் தீர்ந்துவிடவில்லை. வண்ண விளக்குகள் ஒளிரும் பெட்டிகள் சிலவற்றின் முன்புறம் கண்ணாடியால் மூடப்படுகிறது. உள்ளே மூன்று மின்விசிறிகள் சுழன்றாலும், விளிம்பிலுள்ள குறுகிய பிளவுகள் வழியாகவே அவை காற்றை இழுக்க வேண்டியுள்ளது.