இணையப் பாதுகாப்பு: காவல் பணிக்கு வருவோர் யார்?

2013ஆம் ஆண்டில் மைய அரசு வெளியிட்ட தேசிய இணையப் பாதுகாப்புக் கொள்கை, ஐந்தாண்டுகளுக்குள் இத்துறையில் பயிற்சி பெற்ற 5 இலட்சம் வல்லுநர்களை உருவாக்க வேண்டுமென இலக்கு வகுத்தது. அதன் பின்னர் நாட்டில் பணம் கைமாறும் முறையே மாறிவிட்டது. 2016இல் தொடங்கப்பெற்ற யு.பி.ஐ. முறை இன்று காய்கறிக் கடை வரை பரவியுள்ளது. நிலப் பதிவேடு, குடும்ப அட்டை, மருத்துவக் குறிப்பு யாவும் கணிப்பொறிக்குள் சென்றுவிட்டன. 2022 நவம்பரில் தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள் தாக்குதலுக்குள்ளானபோது, நோயாளிகளின் விவரங்களைப் பல நாட்கள் கையால் எழுத வேண்டியதாயிற்று. காவலுக்கு ஆட்கள் தேவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எத்தனை பேர் தேவை என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. அவர்கள் எத்தகையோர், எப்பின்னணியிலிருந்து வருவோர் என்ற கேள்விதான் அரிதாக எழுகிறது.

இத்துறையில் பணிபுரிவோருள் பெரும்பாலோர் பெருநகரங்களில் வாழும், ஆங்கிலவழிப் பொறியியல் கல்வி பெற்ற ஆடவர்களே. உலக அளவிலும் பெண்களின் பங்கு நான்கில் ஒன்றை எட்டவில்லை. பூட்டு உறுதியாக இருந்தால் போதாதா, அதைச் செய்தவர் யாராக இருந்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு விடை காண 2025ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு உதவுகிறது.

வங்கிக் கணக்குத் தொடங்க வருபவர் உயிருள்ள ஆள்தானா, அல்லது வேறெவரேனும் ஒரு நிழற்படத்தைக் காட்டி ஏமாற்றுகிறாரா என்று அறிவதற்காக, காமிராவின் முன் கண்ணை இமைக்கச் சொல்லும் முறை கையாளப்பட்டு வருகிறது. மோசடியைத் தடுப்பதற்கு நல்ல உபாயமே. ஆயினும், அமில வீச்சில் கண்களும் முகமும் சிதைந்த ஒரு பெண்ணால் இமைக்க இயலாது. திரையில் தோன்றும் கட்டளையைப் பார்வையற்றவர் காண இயலாது. திருடனுக்காக இட்ட தாழ்ப்பாள் வீட்டுக்கு உரியவரை வெளியே நிறுத்திவிட்டது. பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வழங்கிய உச்சநீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த கூறு என்று கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. ஆளின் உயிர்ப்பை உறுதி செய்யக் கண்ணிமைத்தலைத் தவிர வேறு வழிகளும் இருக்க வேண்டுமென்பது அவற்றுள் ஒன்று.

இம்முறையை வகுத்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். அவர்களோடு பார்வையற்ற பணியாளர் ஒருவர் சரிசமமாக அமர்ந்து பணியாற்றியிருப்பின், நீதிமன்றம் சுட்டிக்காட்டிய குறையை முதல் சோதனையிலேயே அவர் சுட்டிக்காட்டியிருப்பார். விரல்ரேகைச் சோதனைக்கும் இது பொருந்தும். கல் உடைத்தும் சிமெண்டு குழைத்தும் ரேகை தேய்ந்துபோன கைகளை நியாயவிலைக் கடையிலுள்ள கருவி அடையாளம் காணத் தவறுவதுண்டு. அக்கைகளைத் தம் வீட்டிலேயே கண்டு வளர்ந்தவருக்கு இதனை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மோசடி செய்வோர் இவ்வகையில் முன்னேறியிருக்கின்றனர் என்பது கசப்பான உண்மை. அவர்கள் ஆளுக்கேற்ற பேச்சை அறிந்து வைத்துள்ளனர். ஓய்வூதியம் பெறுபவரிடம் வாழ்வுச் சான்றிதழைப் பற்றியும், இல்லத்தரசியிடம் துண்டிக்கப்படவிருக்கும் மின் இணைப்பைப் பற்றியும், மகன் வெளியூரில் இருக்கும் தாயிடம் அவன் பெயரில் வந்த வழக்கைப் பற்றியும் பேசுகின்றனர். 2024இல் நாடெங்கும் பேசப்பட்ட ‘டிஜிட்டல் கைது’ இத்தகைய நாடகமே. அப்படியொரு கைது எச்சட்டத்திலும் இல்லை. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. வட்டார வழக்குகளுக்கோ கணக்கில்லை. பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற உதவி எண்ணை அழைக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புள்ளது. பணம் ஒரு கணக்கிலிருந்து பத்துக் கணக்குகளுக்குப் பிரிந்து சென்றுவிட்டால் மீட்பது கடினம். பதறிப் பேசுபவரின் சொல்லைப் புரிந்துகொள்வதிலேயே நேரம் கழியுமானால் சேமிப்பு போனதுதான். வங்கியில் முப்பதாண்டுகள் எழுத்தராக இருந்தவர், மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை எழுதியவர், ஊர்க் காவல் நிலையத்தில் புகார்களைக் கேட்டவர் ஆகியோருக்கு இயல்பாய் அமைந்திருக்கும் அறிவை நான்காண்டுப் பட்டப்படிப்பு அளித்துவிடுவதில்லை.

ஆனால் அத்தகையோர் நுழைவதற்கு வாயில் எங்கே? பெயர் பெற்ற சான்றிதழ்த் தேர்வுகள் பலவற்றின் கட்டணம் டாலரில் வசூலிக்கப்படுகிறது. வினாக்கள் ஆங்கிலத்தில் அமைகின்றன. தொடக்கநிலைப் பதவிக்கே முன் அனுபவம் கேட்கும் விளம்பரங்கள் உண்டு. (முதல் வேலை கிடைக்காதவருக்கு அனுபவம் எவ்வாறு கிடைக்குமென்று விளம்பரம் கூறுவதில்லை.) கணிப்பொறியின் செயற்பதிவுகளைக் கண்காணித்தல், தணிக்கை, பயனாளிகளுக்குப் பயிற்சி அளித்தல், தாக்குதலுக்குப் பின் விசாரணை செய்தல் என இத்துறைப் பணிகள் பலதரப்பட்டவை. எல்லாவற்றுக்கும் பொறியியல் பட்டம் தேவைப்படாது. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த மாணவரும் கலைக்கல்லூரி மாணவியும் கற்றுத் தேறக்கூடியவை இவற்றுள் பல உள்ளன.

முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. மைய அரசின் தகவல் பாதுகாப்புக் கல்வி, விழிப்புணர்வுத் திட்டம் 2005இல் தொடங்கிப் பல கட்டங்களாக நடந்து வருகிறது. பொறியியல் பட்டம் பெற்ற பெண்களுக்கென 2018இல் ‘சைபர் சிக்‌ஷா’ என்னும் பயிற்சியும் தொடங்கப்பெற்றது. பயிற்சி அளிப்பதைக் காட்டிலும் பயின்றவரைப் பணியில் நிலைக்கச் செய்வதே கடினமாக உள்ளது. கண்காணிப்பு மையங்கள் இரவும் பகலும் இயங்குபவை. பெண்களை அவர்தம் இசைவுடன் இரவுப் பணியில் அமர்த்தச் சட்டம் இடமளிக்கலாம். அதிகாலை மூன்று மணிக்கு வீடு சேர்க்க வண்டி இல்லையெனில் அந்த இசைவால் பயனில்லை. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. அவ்விடுப்பும் அதைத் தொடரும் குழந்தை வளர்ப்பும் முடிந்து திரும்பும் பெண், தாம் விட்டுச் சென்ற கருவிகள் மாறிவிட்டதைக் காண்கிறார். மீள்வருகைக்கான சில வாரப் புத்தறிவுப் பயிற்சி பெருஞ்செலவு பிடிப்பதன்று.

2016ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுப் பணியில் 4 விழுக்காடு இடங்களை ஒதுக்குகிறது. திரையிலுள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளோடு ஒத்துழைக்காத கண்காணிப்புக் கருவியை ஓர் அலுவலகம் வாங்குமானால், அங்குப் பார்வையற்றவருக்கு ஒதுக்கிய இடம் காலியாகவே கிடக்கும். கருவிகளுக்கான ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே இந்நிபந்தனையைச் சேர்த்துவிடலாம். பயிற்சி பெற்றோரின் தொகையை வெளியிடும் ஆண்டறிக்கைகளும், அவர்களுள் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், சிற்றூர்களிலிருந்து வந்தோர் எத்தனை பேர் என்பதையும், ஈராண்டுகளுக்குப் பின் எத்தனை பேர் பணியில் நீடிக்கின்றனர் என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டும்.