பிடித்த பக்கத்தை எடுத்து வை, கண்ணு

கதை எழுதி முடித்த சூட்டோடு திருத்த உட்காராதே, கண்ணு. அடுத்த சனிக்கிழமை சம்பளம் வரும் வரைக்கும் நோட்டு பீரோவில் இருக்கட்டும். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1959ல் ‘சரஸ்வதி’ பத்திரிகையில் தொடராக ஆரம்பித்து நடுவில் நின்றுபோனது. முழுப் புத்தகமாக வந்தது 1966ல். உனக்கு ஏழு வருஷம் வேண்டாம், ஏழு நாள் போதும்.

அப்புறம் வாய்விட்டுப் படி. வீட்டில் ஆள் இருந்தால் மொட்டை மாடிக்குப் போ. எந்த இடத்தில் உன் குரல் தானாக இழுத்து ராகம் போடுகிறதோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு. மோசமான வரி சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். கதைக்கு வேண்டாத நல்ல வரிதான் தப்பித்துக்கொண்டே இருக்கும்.

உன் கதையில் அது எதுவென்று எனக்குத் தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் வாரச் சம்பளத்தோடு ராயபுரத்துக்குத் திரும்புகிறாள். வீட்டுக்காரனிடம் எவ்வளவு சொல்வது, எவ்வளவு மறைப்பது என்று கணக்குப் போட்டபடி நொய்யல் பாலத்தில் நடக்கிறாள். அங்கே கதை நின்றுவிடுகிறது. ஒன்றரைப் பக்கத்துக்கு ஆற்றின் நிறம், ஒரத்துப்பாளையம் அணை, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஐகோர்ட் உத்தரவு. எல்லாம் உண்மை, நன்றாகவும் எழுதியிருக்கிறாய். ஆனால் அவள் கையிலிருந்த சம்பளக் கவர் என்ன ஆச்சு? சாயக்கழிவுதான் விஷயம் என்றால் அதற்குத் தனி நாவலே வேண்டும். நம்ம ஊர் சுப்ரபாரதிமணியன் 1998லேயே ‘சாயத்திரை’ எழுதிவிட்டார்.

அந்த ஒன்றரைப் பக்கத்துக்குப் பதிலாக ஒரு வரி வைத்துப் பார்: ‘ஆற்று நாற்றத்துக்கு மூக்கை மூடிய முந்தானையிலேயே கவரையும் முடிந்துகொண்டாள்.’ ஆறும் வந்துவிட்டது, அவள் மறைக்கப் போகிறாள் என்பதும் வந்துவிட்டது.

வெட்டிய பிரதியை, முதல் பிரதியைப் படிக்காத ஒருத்தியிடம் கொடு. எதை எடுத்தாய் என்று சொல்லித் தொலைக்காதே. ‘நடுவில் ஏதோ விட்டுப்போச்சே’ என்றால் திரும்பச் சேர்த்துக்கொள். ஒன்றும் கேட்கவில்லையா, விட்டுவிடு. அத்தையிடம் மட்டும் கொடுக்காதே, எதைக் கொடுத்தாலும் ‘நல்லாருக்குது சாமி’ என்பார்.

கடைசிப் பத்தியையும் சந்தேகப்படு. தாராபுரம் பக்கத்துக் கீரனூர்க்காரர் ஆர். சண்முகசுந்தரம், 1942ல் வந்த ‘நாகம்மாள்’ நாவலைக் கொலையோடு சட்டென்று நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு யார் அழுதார்கள், ஊர் என்ன பேசியது என்று இழுக்கவில்லை. உன் கதையிலும் கவர் கைமாறியதும் முடித்துவிடலாம். அவள் ஜன்னல் வழியாக நிலாவைப் பார்ப்பதெல்லாம் எதற்கு?

எடுத்ததைக் கிழித்துப் போடாதே. கம்பெனியில் கழித்த பீஸ் காதர்பேட்டையில் விலைபோகிறது இல்லையா, அது மாதிரி இதற்கும் ஒருநாள் ஆள் வரும். தனி நோட்டில் ஒட்டி, எந்தக் கதையில் இருந்தது என்று மேலே எழுதி வை. போனில் எழுதுகிறாய் என்றால் தனி ஃபைல், டெலீட் மட்டும் வேண்டாம். ஹெமிங்வே தன் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலுக்கு விதவிதமாக முடிவு எழுதிப் பார்த்தவர். நாவல் 1929ல் வந்தது. கழித்த தாள்கள் பத்திரமாக இருந்ததால்தான் 2012 பதிப்பில் 47 முடிவுகளைச் சேர்க்க முடிந்தது.

இதைக் கேட்டுவிட்டு, பிடித்ததையெல்லாம் வெட்டித் தள்ளாதே. அதுவும் ஒரு வியாதி. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளில் சங்கீதம் பக்கம் பக்கமாக வரும். பாபு சங்கீதம் கற்றுக்கொள்கிறவன், அதை எடுத்தால் அவனே இல்லை. உன் செக்கிங்காரி ஐகோர்ட் உத்தரவை நினைத்துக்கொண்டா பாலத்தில் நடக்கிறாள்?

பத்திரிகைக்கு அனுப்பும்போது, வெட்டிய பக்கத்தைப் பற்றி ஆசிரியருக்குக் கடிதத்தில் புலம்பாதே. கதையை மட்டும் அனுப்பு. கடைசித் தாளில் முகவரியும் போன் நம்பரும் எழுத மறந்துவிடாதே.