மருத்துவம் பயில்வோரின் மனநலம்

மருத்துவம், செவிலியம் முதலிய துறைகளில் பயில்வோர் நோய்க்குறிகளை அறிந்தவர்கள். ஆகவே தமக்கு மனத்துன்பம் நேரின் அவர்களே முதலில் உதவி நாடுவர் எனக் கருதுவது இயல்பு. உண்மை அவ்வாறன்று.

தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழுவின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை இதனைப் புலப்படுத்துகிறது. இணையவழி வினாக்களுக்கு இளநிலை மாணாக்கர் 25,590 பேரும் முதுநிலை மாணாக்கர் 5,337 பேரும் விடையளித்தனர். தமக்கு மனநோய் இருப்பது கண்டறியப்பட்டதாகக் கூறியோர் இளநிலையில் நூற்றுக்கு ஏறக்குறைய 28 பேர். முதுநிலையில் 15 பேர். தற்கொலை எண்ணம் தோன்றியதாகக் கூறியோரோ இளநிலையில் 16 பேர். முதுநிலையில் 31 பேர். விரும்பியோர் மட்டுமே விடையளித்தமையால் இவ்விகிதங்களை மாணாக்கர் அனைவர்க்கும் அப்படியே பொருத்துதல் கூடாது. எனினும், துன்பம் மிகுந்த இடத்தில் நோய் கண்டறிதல் குறைந்திருப்பது கருதத்தக்கது.

இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். நீண்ட பணிநேரம் ஒன்று, வெட்கம் மற்றொன்று. மூன்றாவதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் தங்கி, களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் பயிலும் ஒருவரை எண்ணிப் பார்க்க. கல்லூரி மருத்துவமனையின் மனநோய்ப் பிரிவுக்கு அவர் சென்றால், எதிரே அமர்ந்திருப்பவர் தமக்குப் பாடம் கற்பிப்பவராகவே இருத்தல் கூடும். வரிசையில் நிற்பவர்கள் உடன் பயில்வோராக இருக்கலாம். தேர்வு முடிவுக்கும் தொழிலுக்கும் ஊறு நேருமோ என அவர் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆகவே உதவி பெறும் வழியும் தேர்வு நடத்தும் வழியும் வேறு வேறாக இருத்தல் இன்றியமையாதது.

நிறுவனத்திற்கு வெளியேயும் வழிகள் உள்ளன. கேரளத்தில் 1056 என்னும் எண்ணில் 'திசா' பணியும், நாடெங்கும் 14416 என்னும் எண்ணில் 2022-இல் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' பணியும் கட்டணமின்றி ஆலோசனை அளிக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் செய்திகளை மறைவாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. இவற்றை மாணாக்கர் விடுதிப் பலகையில் எழுதி வைத்தல் நலம்.

ஆசிரியரும் களப்பணியாளரும் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. உறக்கமின்மை, தொடர்ந்து வகுப்புக்கு வாராமை, நண்பரை விட்டு விலகல், 'நான் பிறர்க்குச் சுமை' என்னும் பேச்சு ஆகியவற்றைக் கவனிக்க.

2. தனியிடத்தில் அழைத்து, அறிவுரை கூறுமுன் செவிசாய்க்க. ஐயம் எழுந்தால் தற்கொலை எண்ணம் உண்டா என நேரே கேட்க. இவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றாது.

3. உயிருக்கு ஆபத்து எனத் தெரிந்தால் அவரைத் தனியே விடாது மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்க. இந்நிலையில் மட்டும், உரியவர்க்கு வேண்டிய அளவே செய்தியைத் தெரிவிக்கலாம்.

4. சிகிச்சைக்குச் செல்ல விடுப்பு அளிக்க. அதனை நடத்தைப் பதிவேட்டில் குறிக்கற்க.

முதுநிலை மாணாக்கரின் பணி வாரத்திற்கு 74 மணி நேரத்தை விஞ்சலாகாது என்றும், வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்றும் அப்பணிக்குழு பரிந்துரைத்துள்ளது. உறங்க நேரமில்லாதவரிடம் உதவி நாடுக எனக் கூறுவதால் மட்டும் பயனில்லை. நாடுவதற்குரிய நேரத்தையும் நிறுவனமே அளித்தல் வேண்டும்.